பழைய வீட்டு அலுவலகத்தில் இன்டர்காம் வயரிங்: சுவரை வெட்டாமல் முடியுமா?

கேள்வி:
காரைக்குடியில் பாட்டனார் கட்டிய வீட்டின் முகப்பையும் வளவையும் அலுவலகமாக்கி, 3 வெளி இணைப்பும் 16 உள் இணைப்பும் கொண்ட இபிஏபிஎக்ஸ் (அலுவலக போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைன்களோடும் இணைக்கும் பெட்டி) வைக்க இருக்கிறோம். கண்ணாடிபோல் மின்னும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் காடி வெட்ட எனக்கு மனம் வரவில்லை. கரண்ட் வயர் போகும் குழாயிலேயே டெலிபோன் வயரையும் இழுத்துவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். செய்யலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள் ஐயா. டெலிபோன் லைனில் சும்மா இருக்கும்போது சுமார் 48 வோல்ட்தான் இருக்கும். பக்கத்து வயரின் உறை எலி கடித்தோ சூட்டில் இளகியோ போனால், 230 வோல்ட் ரிசீவர் வரைக்கும் வந்துவிடும். அப்படி நடக்காவிட்டாலும் பேச்சில் இரைச்சல் ஓயாது. தேக்கு உத்தரத்தின் மேல் விளிம்பையொட்டித் தனி கேசிங் (வயரை மூடிக் கொண்டுபோகும் பட்டை) அடித்து, கரண்ட் வயரிலிருந்து ஓர் அடியாவது தள்ளிக் கொண்டுபோங்கள். கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காக மட்டும் கடக்கட்டும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது முற்றிலும் சரி. இடியையும் மறந்துவிடாதீர்கள். ஒரு ஐப்பசி மழையில், வெளி லைன் வழியாக வந்த மின்னலில் எங்கள் இபிஏபிஎக்ஸ் பெட்டியில் வெளி லைன்கள் சேரும் லைன் கார்டு கருகிப்போனது. திறந்து பார்த்தபோது கருகிய வாடை கூடம் முழுவதும் பரவியது. அதன்பிறகுதான் வெளி லைன்கள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மின் பாய்ச்சலை மண்ணுக்குத் திருப்பும் கருவி) வைத்து, முறையாக எர்த் கொடுத்தோம். வயருக்குச் செலவு பார்க்காமல் கேட் 6 (கணினி நெட்வொர்க் கேபிள்) போடுங்கள், பின்னாளில் நெட்வொர்க் வழியாகப் பேசும் ஐபி போனுக்கு மாறினாலும் அதுவே உதவும். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டிவிட்டுப் பிறகு இழுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தனி கேசிங்கே அடிக்கச் சொல்லிவிட்டேன்.