கல்லறைத் திருநாளில் அப்பாவுக்காகச் செபிப்பது தவறா?

கடலோரத்தான்:
வேலை செய்யும் இடத்தில் ஒருவர், "மரித்தவர்களுக்காக ஜெபிப்பது வேதத்துக்கு விரோதம், கத்தோலிக்கரான உங்கள் கல்லறைத் திருநாள், நவம்பர் 2, வெறும் சடங்கு" என்றார். மனசு கேட்கவில்லை.

அப்பா போனபோது நான் மஸ்கட்டில் இருந்தேன். டிக்கெட் கிடைத்து தூத்துக்குடி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கடைசியாகப் போனில் பேசியபோது வீட்டுக் கடனைப் பற்றிச் சண்டை. நான்தான் பாதியில் வைத்தேன். நான்கு வருடமாக என் லீவு கல்லறைத் திருநாளுக்குத்தான். முதல் நாளே புல் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிப்பேன். சாயங்காலம் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். மழைக்காலம், கடல்காற்று வேறு. மணலில் குழி தோண்டி உள்ளே வைத்தால்தான் மெழுகுதிரி நிற்கும். 'நித்திய இளைப்பாற்றி' செபம் சொல்லும்போது, அப்பாவுக்கு நான் செய்ய இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று தோன்றும். இதைச் சடங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பெரோயா வாசகன்:
பிரதர், உங்கள் துக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எபிரெயர் 9:27 மரணத்துக்குப் பின் நியாயத்தீர்ப்பு என்றுதான் சொல்கிறது. மரித்த ஆத்துமாக்கள் சுத்தமாகும் இடம் என்று நீங்கள் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலம் எங்கே வருகிறது? மரித்தோருக்காக வேண்டியதைச் சொல்கிறது என்று உங்கள் ஆட்கள் காட்டும் 2 மக்கபேயர் 12 எங்கள் வேதாகமத்தின் 66 புத்தகங்களில் இல்லை. இந்த நாளே 998 வாக்கில் பிரான்சின் க்ளூனி மடத்துத் தலைவர் ஓதிலோ ஏற்படுத்தியது.

என் அம்மாவும் மரித்துவிட்டார்கள். கல்லறைக்கு நான் போவதில்லை, அவர்கள் அங்கே இல்லை. சிலுவையில் எல்லாம் முடிந்தது. நான் இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டும் என்றால் கர்த்தருடைய இரத்தம் போதவில்லை என்று ஆகிவிடும். அந்த நிச்சயத்தில்தான் நான் தூங்குகிறேன். அப்புறம் பூசைக்குக் காசு வாங்குகிறார்களே, பாவமன்னிப்புச் சீட்டு விற்றபோது 1517-ல் லூத்தர் எதிர்த்தது இதைத்தானே?

கடலோரத்தான்:
நாள் பிந்தி வந்தது, சரி. செபம் அதற்கும் முந்தியது. 387-ல் புனித மோனிக்கா ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியா துறைமுகத்தில் இறந்தார். உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதாக மகன் அகுஸ்தினாரே எழுதியிருக்கிறார். அடக்கத்துக்கு வந்து சேராத எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இரத்தம் போதவில்லை என்று யார் சொன்னது? பூசையில் ஒப்புக்கொடுப்பதே அந்த ஒரே பலியைத்தான். உயிரோடு இருப்பவருக்காக நீங்கள் ஜெபிக்கிறீர்களே, அதனால் சிலுவை குறைந்துவிட்டதா? காசு விஷயத்தில் முறைகேடு நடந்தது உண்மை. 1563-ல் எங்கள் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கமே அதைக் கண்டித்தது.

நாசரேத் டீச்சர்:
நான் சிஎஸ்ஐ, தென்னிந்தியத் திருச்சபை. நாங்கள் நவம்பர் 1-ஐ சகல பரிசுத்தவான்கள் திருநாளாக வைத்திருக்கிறோம். மரித்தோருக்காக எதுவும் கேட்பதில்லை, அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைக்காக ஸ்தோத்திரம் செய்வோம். ஆனால் ஈஸ்டர் விடியற்காலையில் எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். பெரோயா தம்பி, உபதேசத்தில் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் கல்லறைக்கே போகக் கூடாது என்று எந்த வசனம்? மரித்த லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டாரே.

பெரோயா வாசகன்:
அழுவது வேறு, கேட்பது வேறு டீச்சர். உயிரோடு இருப்பவனுக்கு மனந்திரும்பத் தருணம் உண்டு, மரணத்தோடு அது முடிந்தது. பிரதர், கோபிக்காமல் சொல்லுங்கள்: அந்த ஜெபம் அப்பாவுக்கா, போனை வைத்த உங்களுக்கா?

கடலோரத்தான்:
முதல் வருடம் எனக்காகத்தான். மன்னிப்பு கேட்டு அழுததைத் தவிர வேறு செபமே வரவில்லை. இப்போது அப்படி இல்லை. அவர் மனந்திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நற்கருணை (நன்மை) வாங்கி, சாகும் தருவாயில் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் பெற்று விசுவாசத்தோடுதான் போனார். முழுக்கச் சுத்தமாகி ஆண்டவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். அப்பா கடலிலிருந்து வரத் தாமதமானால் அம்மா மாதா சுரூபம் வைத்த கெபி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். அவர் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று ஒன்றும் தெரியாது. தெரியாமலேதான் வேண்டுவாள். எனக்குச் செபம் அவளிடமிருந்து வந்தது.

இந்த வருடம் அக்டோபர் 30-க்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.