டூ ஃபிலிம் தியரி: சமநிலை என்கிறார்கள், சமமாக இல்லையே?

காவேரிப்பட்டணத்தான்:
கெமிக்கல் மூன்றாம் ஆண்டு. ஹீட் டிரான்ஸ்ஃபரில் நல்ல மார்க், மாஸ் டிரான்ஸ்ஃபரில் (காற்றிலிருந்து தண்ணீருக்கு ஒரு பொருள் போவது மாதிரி) அரியர். படிப்பது கோவையில், இப்போது லீவுக்கு ஊரில் இருக்கிறேன். இடிப்பது ஒரே இடம்தான். வெப்பம் என்றால் இரண்டு பொருளும் தொடும் இடத்தில் ஒரே வெப்பநிலை, சரி. ஆனால் டூ ஃபிலிம் தியரியில், காற்றும் தண்ணீரும் தொடும் இடத்தின் இருபுறமும் ஒரு மெல்லிய படலம், தடை எல்லாம் அந்தப் படலங்களில்தான் என்கிறார்கள். தொடும் இடத்தில் சமநிலை என்று சொல்லிவிட்டு, படத்தில் செறிவை மட்டும் படிக்கட்டு மாதிரி துண்டாக வரைகிறார்கள். வகுப்பில் கேட்டால், "படத்தை அப்படியே வரை, மார்க் வரும்" என்றார் சார். வரைந்தேன். வரவில்லை.

ஓசூர் ஈடிபி:
தம்பி, சமநிலை வேறு, சமம் வேறு. எனக்கும் கல்லூரியில் இது ஏறவில்லை. சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பில் சேர்ந்து, தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனை அளக்கும் டிஓ மீட்டரைக் கையில் பிடித்த பிறகுதான் விளங்கியது.

25 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 275 மில்லிகிராம். அந்தக் காற்றோடு நாள் கணக்கில் கிடந்தாலும் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராம் சொச்சத்தோடு நின்றுவிடும். உள்ளே போகிறதும் வெளியே வருகிறதும் ஒரே வேகமாகிவிட்டது, அவ்வளவுதான். 275-க்கு ஜோடி 8. ஹென்றி விதி சொல்வது இதைத்தான், உங்கள் படத்துப் படிக்கட்டும் இதுதான்.

ஆக்ஸிஜன் தண்ணீரில் இவ்வளவு கஞ்சமாகக் கரைவதால் தடை முழுக்கத் தண்ணீர்ப் பக்கம். மேலே ஃபேன் வைத்து ஊதினால் பலன் சொற்பம், தண்ணீரைக் கலக்க வேண்டும். அம்மோனியா நேர்மாறு, தண்ணீர் கண்டால் விழுந்துவிடும், அங்கே காற்றுப் பக்கம்தான் தடை.

பரப்பளவையும் விடாதீர்கள். ஒருமுறை, தண்ணீருக்குள் காற்றை ஊதும் எங்கள் ஏரேஷன் டேங்கில் லிட்டருக்கு 2 மில்லிகிராமில் நிற்க வேண்டிய டிஓ 1-க்குக் கீழே இறங்கியது. ப்ளோயர் நன்றாக ஓடுகிறது, காற்றும் போகிறது. இரண்டு நாள் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் காற்றைக் குமிழியாக்கும் டிஃப்யூசர் ரப்பர் கிழிந்து, பொடிக் குமிழி வர வேண்டிய இடத்தில் குடம் கவிழ்த்த மாதிரி பெரிய குமிழி. 2 மில்லிமீட்டர் குமிழி 6 ஆனால், அதே அளவு காற்றுக்குப் பரப்பு மூன்றில் ஒன்று. பெரிய குமிழி சீக்கிரம் மேலேறிவிடும், அது தனி நஷ்டம்.

பாலக்கோடு அக்கா:
அவர் சொன்னது சரி. பரீட்சைக்கு ஒன்று சேர்க்கிறேன். படுக்கையில் தண்ணீர்ச் செறிவு, நிமிர்வில் பகுதி அழுத்தம் வைத்து, சமநிலை ஜோடிகளைச் சேர்க்கும் ஹென்றி கோட்டை வரையுங்கள். பல்க் புள்ளியை, அதாவது படலங்களைத் தாண்டி இருக்கும் செறிவையும் அழுத்தத்தையும், குறித்து, அங்கிருந்து மைனஸ் கேஎல் வகுத்தல் கேஜி சரிவில் ஒரு கோடு. கேஎல் என்பது தண்ணீர்ப் பக்கத்தில் பொருள் கடக்கும் வேகத்தின் குணகம், கேஜி காற்றுப் பக்கத்துக்கு. அந்தக் கோடு ஹென்றி கோட்டை வெட்டும் இடம்தான் இன்டர்ஃபேஸ், அதாவது காற்றும் தண்ணீரும் தொடும் இடம். பாதிப் பேர் கவிழ்வது ஹென்றி மாறிலியின் அலகில். ஒரு கணக்கில் அழுத்தத்தைச் செறிவால் வகுத்திருப்பார்கள், இன்னொன்றில் தலைகீழ். முதல் வரியிலேயே அலகை எழுதிவிடுங்கள்.

அப்புறம், அந்தப் படலத்தை நிஜத்தில் தேடாதீர்கள். 1923-ல் இந்தத் தியரியைச் சொன்ன விட்மன் கணக்குக்காக வைத்துக்கொண்டது அது. படலக் கணக்குப்படி கேஎல் டிஃப்யூசிவிட்டிக்கு (பொருள் தானாகப் பரவும் திறனுக்கு) நேர்விகிதம். 1935-ல் ஹிக்பி சொன்னபடி அதன் வர்க்கமூலத்துக்கு. அளந்து பார்த்தால் பெரும்பாலும் ஹிக்பி பக்கம்தான் சாய்கிறது.

காவேரிப்பட்டணத்தான்:
அண்ணா, அக்கா, நன்றி. 275-க்கு 8 என்றதும் சட்டென்று பிடிபட்டது. அப்பா பண்ணைக்குட்டையில் கட்லா விட்டிருக்கிறார். சில நாள் விடியற்காலையில் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே மிதக்கும். உடனே மோட்டார் போட்டு, குட்டைத் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து திரும்பக் கொட்டவிடுவார். புதுத் தண்ணீர் ஒரு சொட்டு இல்லாமல் இதில் என்ன பிரயோஜனம் என்று அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். கேஎல்லும் பரப்பும் ஒன்றாக ஏறுகிறது, இல்லையா? நாளைக் காலை கரண்ட் இருந்தால் நானே போய் மோட்டார் போடுகிறேன்.