போனில் பிரஷர் பார்க்கும் ஆப்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கொழுந்துமலை
கேமராவில் விரலை வைத்தால் பிரஷர் சொல்லுமே, அந்த ஆப்தான். கொழும்புக் கடையில் வேலை செய்கிற தம்பி தீபாவளிக்கு வந்தபோது அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ஹட்டனுக்கு கிளினிக் போனால் தோட்டத்தில் அன்றைக்குப் பேர் விழாது, நாள் சம்பளம் போய்விடும், அதனால் இந்த ஆப் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. தேயிலை மலையிலிருந்து இறங்கியதும் கறை படிந்த பெருவிரலைக் கேமராவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பாரு, 120க்கு 80" என்று காட்டுவார். தலைசுற்றி விழுந்த அன்று காலையிலும் அதே 120தான். ஆஸ்பத்திரியில் கையில் பட்டி கட்டிப் பார்த்தால் 190. போன் நல்லா இருக்கிறது என்று சொன்னதால் மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. அந்த விரலை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

டிக்கோயா
அக்கா, அம்மாவுக்கு இப்போது எப்படி? ஆனால் எல்லா ஆப்பையும் திட்டாதீர்கள். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) மாமிக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி 1990 என்ற நம்பர் ஆம்புலன்ஸை அவர்களுடைய ஆப்பில்தான் கூப்பிட்டோம். நாம் நிற்கிற இடம் அதிலேயே போய்விடும், எந்த டிவிஷன், எந்த வளைவு என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சிக்னல் கோயில் மேட்டில்தான் கிடைக்கும், மச்சான் கொட்டுகிற மழையில் அங்கே ஓடிப்போய் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி பிழைத்தார்.

ராகலை
தம்பி, நீங்கள் சொல்வது ஆளைக் கூப்பிடுகிற ஆப், அக்கா சொல்வது உடம்பை அளக்கிறேன் என்கிற ஆப், இரண்டும் வேறு. என் மாமாவும் இப்படித்தான் மாத்திரையைப் பாதியாக்கினார், அதனால் சொல்கிறேன். விரலுக்குள் ரத்தம் வந்து போவதை வெளிச்சத்தில் பார்த்து கேமரா நாடித்துடிப்பை எண்ணும், அதை நம்பலாம். பிரஷர் வேறு கதை. 2016இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரி ஓர் ஆப்பைச் சோதித்தபோது, பிரஷர் கூடியிருந்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பேருக்கு அது கூடவில்லை என்றே காட்டியிருக்கிறது. மேல்கையில் கட்டுகிற மெஷின் ஒன்றை நாலு வீடு சேர்ந்தாவது வாங்குங்கள். தேத்தண்ணி குடித்து அரை மணி நேரம் போகட்டும், மலையிலிருந்து வந்த கையோடு பார்க்காதீர்கள், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து, பேசாமல் பார்க்க வேண்டும். கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். மாத்திரை நேரத்துக்கு போனில் அலாரம் வைக்கலாம், கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர்தான்.

கொழுந்துமலை
அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார், மாத்திரையைத் திரும்பத் தொடங்கியாச்சு. நன்றி அண்ணே. நீங்கள் எழுதியதை அப்படியே தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன், அதே ஆப்பை அவனுடைய மாமியாருக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறான்.