பழைய வீட்டு மாடியில் நூலகம்: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு வீடு எங்கள் பல்கலைக்கழகத் துறையின் கைக்கு வந்திருக்கிறது. மாடிக் கூடத்தை நூலகமாக்கப் போகிறார்கள். எனக்கு அங்கேதான் பயம். தளத்தைத் தாங்குவது மர உத்திரங்கள். குடியிருக்கும் அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று கணக்கு வைப்பார்கள்; புத்தக அடுக்குகளுக்கு 600 கிலோவாவது வேண்டும். உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஆணியால் குத்திப் பார்த்தேன். இரண்டு இடங்களில் மாவில் இறங்குவதுபோல் இறங்கிவிட்டது.

அப்புறம் சுவர். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய செங்கல் சுவருக்குப் பிற்காலத்தில் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருக்கிறது. அதை உரித்துவிட்டுச் சுண்ணாம்பே பூச வேண்டும் என்பது என் கருத்து. செங்கல்லின் முகம் பெயராமல் எப்படி உரிப்பது?

உத்திரத்தை மாற்றாமல், பக்கவாட்டில் இரும்பு சேர்த்து வலுப்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? இல்லை, நூலகத்தைத் தரைத்தளத்துக்கே கொண்டுவரச் சொல்லி வாதாடட்டுமா? இந்த வீட்டின் படிக்கட்டுக் கைப்பிடி எத்தனையோ கைகள் பட்டு வழவழவென்று இருக்கிறது. நாங்கள் அதைக் கெடுத்துவிடக் கூடாது.