இழை: 'ரிமாண்டு' – ஆளுக்கு ஒன்று, வழக்குக்கு ஒன்று

மாலைவகுப்பு எழுதியது (வியாழன் இரவு):

குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழியில் சட்டம் படிக்கிறவர்களுக்கு மாலை நேரத்தில் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் நடத்துகிறேன். திங்கட்கிழமை கட்டளை 41. மேல்முறையீட்டில் நீதிபதி என்னென்ன செய்யலாம் என்ற பகுதி. குறிப்புத்தாள் ஞாயிறு மாலை ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும்.

போன தேர்வில் ஒரு மாணவர் இப்படி எழுதியிருந்தார்: "மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வழக்கை 15 நாள் ரிமாண்டு செய்தது." சிவப்புக் கோடு போட்டுவிட்டேன். அப்புறம் யோசித்தால் தப்பு அவர் மேல் இல்லை. ஆளைக் காவலில் வைப்பதும் ரிமாண்டு, விசாரணை நீதிமன்றத்துக்கே வழக்கைத் திருப்பி அனுப்புவதும் ரிமாண்டு என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். முதலாவதற்கு 'நீதிமன்றக் காவல்' இருக்கிறது. இரண்டாவதற்கு ஒரு சொல் தாருங்கள். விளக்கம் வேண்டாம், சொல்.

ஜூனியர் எழுதியது:

அம்மா, 'ரிமாண்டு' என்றே விட்டுவிடுங்கள். நேற்றுக்கூட கோர்ட்டு வராந்தாவில் மஞ்சள் பையோடு ஒரு பெரியவர், "அப்பீல்ல கேஸு ரிமாண்டு ஆயிடுச்சு தம்பி, மறுபடி முதல்லேர்ந்தாம்" என்றார். அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. வாய்தா, ஜப்தி, அமீனா, ஜாமீன், ரத்து எல்லாம் எங்கிருந்தோ வந்தவைதானே? வந்தன, தங்கின. இதுவும் தங்கிவிட்டது.

வேர்ப்பித்தன் எழுதியது:

தம்பி, வாடகைக்குத் தங்கியவரெல்லாம் வீட்டுக்காரர் ஆகிவிட முடியாது. பிராது இருந்த இடத்தில் வழக்குரை வந்தது. டிக்ரி இருந்த இடத்தில் தீர்ப்பாணை வந்தது. 'எழுவினா' (இரு தரப்பும் மாறுபட்டு, நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்வி) என்று சொன்னாலும் சிரித்திருப்பார்கள், இன்று அது இல்லாமல் ஒரு தமிழ்த் தீர்ப்புரை உண்டா?

வேரைப் பார்ப்போம். இலத்தீனில் 'மந்தாரே' என்றால் ஒப்படைத்தல். கை என்ற சொல்லும் கொடு என்ற சொல்லும் சேர்ந்து பிறந்தது என்பார்கள். முன்னால் ஒட்டிய 'ரே', மீண்டும். ஆக, மீண்டும் கையில் கொடுத்தல். என் பரிந்துரை 'மீள்கையளிப்பு'. இன்னொன்றும் கவனியுங்கள்: மந்தாரே, மன்று. மன்றில் நின்று வழக்காடுவதுதானே மன்றாடுதல்? இந்த ஒலியொற்றுமை தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. நான்கு பக்கக் கட்டுரை இணைத்திருக்கிறேன்.

நூற்பா எழுதியது:

ஐயா, நான்கு பக்கமும் படித்தேன். முதல் பக்கத்தில் கையும் கொடையும் என்று பிரித்துவிட்டு, இரண்டாம் பக்கத்தில் அதையே மன்று என்கிறீர்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு தாயா? 'மன்றாடு' பற்றிச் சொன்னது மட்டும் சரி. வழக்காடுதல் என்ற பொருள் தேய்ந்து கெஞ்சுதல் என்று ஆனதில், கோர்ட்டுக்குப் போய்வந்த யாருக்கும் வியப்பு இருக்காது.

சொல்லின் அச்சைப் பார்க்கலாம். 'முறை' என்றால் நீதி. "தேர்ந்துசெய் வஃதே முறை" என்ற குறளில் அந்தப் பொருள்தான். முறையிடு, முறையீடு: 'இடு' நீண்டு 'ஈடு' ஆகிறது, கெடு கேடு ஆவது போல. முதனிலை திரிந்த தொழிற்பெயர். மேல்முறையீட்டுக்கு விடையாக வருவதும் அதே அச்சில் இருந்தால் அழகு.

வேர்ப்பித்தன் எழுதியது:

அப்படியானால் 'திருப்பீடு'! மதிப்பீடு போல. அல்லது விடு என்பதிலிருந்து 'மீள்வீடு'.

நூற்பா எழுதியது:

மதிப்பிடு என்று வினை இருக்கிறது, அதனால் மதிப்பீடு. 'திருப்பிடு' என்று எந்த ஊரில் சொல்கிறார்கள்? மீள்வீடு இன்னும் மோசம். வழக்கு வீடுபேறு அடைந்துவிட்டது என்று கட்சிக்காரர் தேங்காய் உடைத்துவிடுவார்.

சிரஸ்தார் எழுதியது (வெள்ளி காலை):

எல்லாருக்கும் வணக்கம். நான் புலவன் இல்லை, கோர்ட்டில் வழக்குக் கட்டு சுமந்து ஓய்வு பெற்றவன். சொல் தேடுவதற்கு முன்னால் எந்தப் பொருளுக்கு என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால் நீங்கள் ஒன்று என்று நினைப்பது மூன்று.

ஒரு வாய்க்கால் வழக்கு என்று வையுங்கள். காலவரையறை தாண்டிப் போட்ட வழக்கு என்கிறார் பிரதிவாதி. முன்சீப் அந்த ஒரு எழுவினாவை மட்டும் முதலில் எடுத்து, ஆமாம் தாண்டிவிட்டது என்று தள்ளுபடி செய்கிறார். ஒரு சாட்சிகூடக் கூண்டு ஏறவில்லை, ஓர் ஆவணம் குறியிடவில்லை. அப்பீலில் சார்பு நீதிபதி தேதிகளைக் கூட்டிப் பார்த்தால் காலம் இருக்கிறது. இப்போது வாய்க்கால் யாருடையது என்று அவர் எதை வைத்துச் சொல்வார்? தீர்ப்பாணையை ரத்து செய்து, மற்ற எழுவினாக்களை விசாரி என்று அனுப்புகிறார். கட்டளை 41, விதி 23. கட்டு வந்ததும் வழக்குப் பதிவேட்டில் பழைய எண்ணிலேயே மறுபடி ஏறும். பக்கத்தில் சிவப்பு மையில் நான் குறிப்பு எழுதுவேன். புது எண் கிடையாது. அப்பீல் அங்கே முடிந்தது.

இன்னொரு வாய்க்கால். சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு எல்லாம் ஆகிவிட்டது. ஆனால் வாய்க்காலின் அகலம் பற்றி எழுவினாவே வனையப்படவில்லை, அது தெரியாமல் முடிவு சொல்லவும் முடியாது. அப்பீல் நீதிபதி அந்த ஒரு கேள்வியை எழுதிக் கீழே அனுப்புவார். விசாரணை நீதிபதி சாட்சியம் வாங்கி, தன் முடிவையும் காரணத்தையும் எழுதி மேலே அனுப்ப வேண்டும். விதி 25. இதில் அப்பீல் அவர் மேசையில் உயிரோடு இருக்கிறது. வந்த முடிவுக்கு இரு தரப்பும் ஆட்சேபணை போடலாம். அதன் பிறகு தீர்ப்பு சொல்வது அவர்தான்.

மூன்றாவது, 1976 திருத்தத்தில் நுழைந்த 23அ. முழு விசாரணையும் நடந்து முடிந்த வழக்கு, ஆனாலும் தீர்ப்பாணை நிற்காது, திரும்ப விசாரித்தே ஆக வேண்டும் என்றால் இது.

இதற்கு நடுவே விதி 24 ஒன்று இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. இருக்கிற சாட்சியமே போதும் என்றால் எங்கேயும் அனுப்ப வேண்டாம், நீரே முடித்துவிடும் என்கிறது. முதல் மேல்முறையீட்டில் சங்கதியும் சட்டமும் இரண்டுமே அவர் கையில். இரண்டாம் மேல்முறையீட்டில்தான் பிரிவு 100 வந்து, முக்கியமான சட்டக் கேள்வி உண்டா என்று கதவில் நிறுத்திக் கேட்கும். இருபது சாட்சியைப் படிக்கச் சோம்பல்பட்டுக் கட்டைத் திருப்பி அனுப்பினால், மஞ்சள் பைக்காரருக்கு இன்னும் பத்து வருடம்.

பத்திரிகைகள் எல்லாவற்றையும் 'மறுவிசாரணைக்கு உத்தரவு' என்று எழுதுகின்றன. என் முதல் வாய்க்கால் வழக்கில் விசாரணையே நடக்கவில்லை. 'மறு' எங்கிருந்து வந்தது?

மாலைவகுப்பு எழுதியது:

சார், இரண்டு வாய்க்காலையும் அப்படியே குறிப்புத்தாளில் போட்டுக்கொள்கிறேன். ஆனால் இப்போது எனக்கு ஒரு சொல்லுக்குப் பதில் இரண்டு சொல் வேண்டும்!

வடமராட்சி எழுதியது:

வணக்கம். எங்கட இலங்கைப் பக்கத்தில் குழப்பம் பாதிதான். ஆளைத் தடுத்து வைப்பது விளக்கமறியல், அதில் சந்தேகமே இல்லை. தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் அந்தச் சொல்லைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, விளக்குப் பிடித்துக்கொண்டு ரோட்டை மறித்தார்களா என்று கேட்டார். உங்களுக்கு மறியல் என்றால் ரோட்டில் உட்காருவது, எங்களுக்கு உள்ளே இருப்பது. வழக்கைத் திருப்பி அனுப்புவதற்கு நாங்களும் நீட்டி முழக்கித்தான் எழுதுகிறோம். தவிர, எங்களுக்கு அது மேல்முறையீடு இல்லை, மேன்முறையீடு.

அதோடு, வகுப்பில் 'மோஷன்' (நீதிமன்றத்திடம் ஓர் உத்தரவு கேட்பது) என்று வந்தால் எங்களிடம் சொல் இருக்கிறது: நகர்த்தல் பத்திரம். சட்டத்தரணிகள் நாள்தோறும் தாக்கல் செய்கிறார்கள்.

ஜூனியர் எழுதியது:

நகர்த்தல் பத்திரமா? இங்கே பத்திரம் என்றால் கிரயப் பத்திரம். அதை நகர்த்தினால் போலீஸ் வரும்.

நூற்பா எழுதியது:

சிரிக்காதீர்கள். 'மேன்முறையீடு' பழைய புணர்ச்சிப்படி சரி. லகரம் மெல்லினத்தின் முன் னகரமாகும். தவறு என்று யாரும் சொல்ல முடியாது, நாம் எழுதுவதுதான் சோம்பல். ஆனால் 'நகர்த்தல்' மூலமொழியின் நிழல். நீதிபதியை அசைக்கிறோமா, தாளை அசைக்கிறோமா? 'மனு' போதும்.

வடமராட்சி எழுதியது:

மனு மட்டும் எந்த மண்ணில் முளைத்தது, ஐயா? இருபது வருடம் ஒரு சொல்லைச் சொல்லி வந்தால் நிழல் எல்லாம் போய்விடும். எங்கட நீதவான் முன்னால் போய் 'இடைநிலை மனு' என்று சொல்லிப் பாருங்கோ, எந்த நிலைக்கும் எந்த நிலைக்கும் இடை என்று கேட்பார்.

(இதற்குப் பிறகு 'மனு' பற்றிப் பதினொரு மடல்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். – மாலைவகுப்பு)

மாலைவகுப்பு எழுதியது (சனி மதியம்):

ஐயாமாரே, திங்கள்!

ஜூனியர் எழுதியது:

சரி, என் பங்குக்கு: 'கீழனுப்பு'. மேல்முறையீடு மேலே போகிறது, கீழனுப்பு கீழே வருகிறது. மாடிப்படி மாதிரி, குழந்தைக்கும் புரியும்.

சிரஸ்தார் எழுதியது:

புரியும், ஆனால் வேண்டாம். விசாரணை நீதிமன்றத்தைக் கீழ் நீதிமன்றம் என்று சொல்லாதீர்கள் என்று 2024இல் உச்ச நீதிமன்றமே தன் பதிவகத்துக்குச் சொல்லியிருக்கிறது. நானே என் மடலில் 'கீழே' என்று எழுதிவிட்டேன், பழக்கம். ஆனால் புதிதாகச் செய்கிற சொல்லில் அந்தப் பழைய அழுக்கை ஏன் ஏற்ற வேண்டும்? அங்கேதான் சாட்சியின் முகத்தை ஒரு நீதிபதி நேரில் பார்க்கிறார்.

நூற்பா எழுதியது:

அப்படியானால் 'மீள அனுப்புதல்' என்பதைச் சுருக்கி 'மீளவனுப்பு'. மீள + அனுப்பு, நடுவே வகர உடம்படுமெய். ஆணையோடு சேர்ந்தால் மீளவனுப்பாணை.

ஜூனியர் எழுதியது:

உடம்படுமெய்க்கு உடம்பு சரியில்லை. 'மீளனுப்பு' போதுமே. வாயில் நிற்கிறது.

நூற்பா எழுதியது:

'மீள்' தன்வினை. மீள்கிறவர் தானே மீள்வார். வழக்கு தானாக நடந்து வருகிறதா, நீதிபதி அனுப்புகிறாரா? மீள்பார்வை, மீள்குடியேற்றம் என்றெல்லாம் புழங்குவது எனக்கும் தெரியும். புழங்குவதால் சரியாகிவிடாது.

வேர்ப்பித்தன் எழுதியது:

வழக்கு என்றாலே புழக்கம் என்றும் ஒரு பொருள் உண்டே, ஐயா! உலக வழக்கு, செய்யுள் வழக்கு, உரிமையியல் வழக்கு. வழக்கைப் பற்றிய சொல்லையே வழக்கு தீர்மானிக்கக் கூடாதா? (ஆனாலும் மீள்கையளிப்பே சிறந்தது.)

சிரஸ்தார் எழுதியது:

என் யோசனை. விதி 23, 23அ இரண்டுக்கும் 'மீளனுப்பு'. வழக்கு முழுதாகப் போகிறது, அப்பீல் முடிகிறது. விதி 25க்கு அந்தச் சொல் கூடாது. அதற்கு 'முடிவு கேட்டனுப்பல்'. கேள்வி மட்டும் போகிறது, வழக்கு போகவில்லை. வித்தியாசம் காசில் தெரியும்: வழக்கு முழுதாகத் திரும்பினால் அப்பீலுக்குக் கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒரு கேள்வி மட்டும் போனால் அந்தப் பேச்சே இல்லை. பெயரை மாற்றி எழுதினால் கட்சிக்காரர் பையோடு கணக்குப் பிரிவில் போய் நிற்பார்.

மாலைவகுப்பு எழுதியது (ஞாயிறு மாலை):

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். 'மீளனுப்பு', 'முடிவு கேட்டனுப்பல்' என்றே போட்டேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ரிமாண்டு என்றும் போட்டிருக்கிறேன், நூற்பா ஐயா மன்னிக்க வேண்டும். ஐந்து பேரில் மூவர் சரி என்றார்கள். வடமராட்சி அண்ணை 'பரவாயில்லை' என்றார், அதையும் ஆதரவாகவே எடுத்துக்கொண்டேன்.

நூற்பா எழுதியது:

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். மீளவனுப்பு. வகரம் இல்லாமல் அந்தச் சொல்லை நான் எழுத மாட்டேன்.

மாலைவகுப்பு எழுதியது (திங்கள் இரவு):

வகுப்பு முடிந்தது. வாய்க்கால் இரண்டும் நன்றாகப் போயின. கடைசி வரிசையில் ஒருவர் கை தூக்கினார்: "மேடம், வழக்கு மீளனுப்பில் இருக்கும்போது ஜாமீன் கேட்கலாமா?"

வேர்ப்பித்தன் எழுதியது (செவ்வாய்):

மீள்கையளிப்பு என்று போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஐந்தாம் பக்கம் இணைத்துள்ளேன்.