ஒரே மரபணு, பல உயிரினங்கள்: இன்னும் உறுத்தும் அனுபவங்கள்

வரிசைத்தேடி

பல உயிரினங்களில் ஒரே மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது என்னை உறுத்தியது, புற்றுநோய்களில் மாற்றம் காணும் பிராஃப் (BRAF) மரபணுதான். மனிதனில் அது தரும் புரதத்தின் 600-ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் போய் குளுட்டாமிக் அமிலம் வருவது எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்கள் குழுக் கூட்டத்தில் ஒருவர் நாயின் புரத வரிசையில் 600-ஐ எண்ணிப் பார்த்திருக்கிறார். அங்கே செரின் இருந்தது. "நாய்க்கு இது பொருந்தாது" என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அலைன்மெண்ட் போட்டேன், அதாவது இரண்டு வரிசைகளையும் ஒத்த எழுத்துகள் நேருக்கு நேர் வரும்படி அடுக்கினேன். மனித வாலினுக்கு நேர் கீழே நாயின் வாலின், 595-ஆம் இடத்தில். எலியில் அதுவே 637. சுற்றியிருந்த எழுத்துகள்கூட அப்படியே ஒன்றாக நின்றன. எண்தான் வேறு, இடம் ஒன்றுதான். மனிதனிலேயே 2002-இல் இதை 599 என்றுதான் எழுதினார்கள், பிறகு திருத்தினார்கள். நாய்களின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பெரும்பாலானவற்றில் இதே மாற்றம் இருக்கிறது, சிறுநீரிலேயே கண்டுபிடிக்கலாம். அப்படிப்பட்ட விலங்கை ஒரு எண்ணுக்காகத் தள்ளிவிட்டார்களே என்று இன்றும் மனம் ஆறவில்லை.

நுண்நோக்கி

மேலே சொன்னது சரி. ஆனால் எல்லா உயிரினத்திலும் ஒன்றாக இருப்பதைத்தான் தேட வேண்டும் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடாதீர்கள். நான் பார்த்த ஒரு பட்டியலில், மனிதன், எலி, நாய் மூன்றிலும் இருக்கும் மரபணுக்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வடிகட்டியிருந்தார்கள். புராஸ்டேட் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் மரபணுக்களைத் தேடும் பட்டியல் அது. கேஎல்கே3 என்று தேடினேன். இல்லை. அந்தப் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் அளக்கும் புரதத்தைத் தருகிற மரபணுவே காணோம்! எலிக்கு அது கிடையாது, நாய்க்கும் கிடையாது, அதனால் முதல் வடிகட்டலிலேயே போய்விட்டது. மருத்துவத்தில் இத்தனை காலம் புழங்கும் மார்க்கரையே (நோயைக் காட்டும் அடையாளத்தையே) தவறவிடும் முறையை எப்படி நம்புவது?

கிளைமரம்

எனக்கு யானை. புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 மரபணுவை அதில் தேடினால் ஒன்றுக்குப் பதில் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. மொத்தம் 20 பிரதிகள், அதில் ஒன்றுதான் மூலம். மற்ற 19-லும் இன்ட்ரானே (மரபணுவின் நடுவே புரதமாக மாறாத பகுதி) இல்லை, ஆர்என்ஏ நகல் மீண்டும் டிஎன்ஏவாகித் திரும்ப ஒட்டிக்கொண்டவை. அந்தத் திரையை மறக்க முடியாது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தேடலில் முதலில் வருவதை அப்படியே எடுக்காதீர்கள், பக்கத்து மரபணுக்களையும் பாருங்கள். மனிதனிலும் எலியிலும் டிபி53-ஐ ஒட்டி ரேப்53 (WRAP53) என்ற மரபணு இருக்கும், அதுபோன்ற அண்டை வீட்டுக்காரர் உண்டா என்று பார்த்தால் மூலம் எது, பிரதி எது என்று பிடிபடும். புரதமாக அலைன்மெண்ட் செய்துவிட்டு அப்புறம் கோடான்களுக்கு (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று டிஎன்ஏ எழுத்துகள்) திரும்புங்கள், இடைவெளிகள் கண்ட இடத்தில் விழாது. குரங்கினங்களை மட்டும் சேர்த்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும், அதில் ஒன்றும் புரியாது. கொஞ்சம் தூரத்து உறவையும் சேருங்கள். நுண்நோக்கி சொன்னதுக்கு ஒரு பதில்: மாறாமல் இருக்கும் இடம், அந்த இடம் புரதத்துக்கு முக்கியம் என்று மட்டுமே சொல்லும். அது பயோமார்க்கராக (நோயைக் காட்டும் மார்க்கராக) வேண்டுமென்றால் ரத்தத்திலோ சிறுநீரிலோ திசுவிலோ அளக்க முடிய வேண்டும், நோயாளிக்கும் நலமானவருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஒரே வடிகட்டியில் இரண்டையும் போட்டதுதான் அந்தப் பட்டியலின் கோளாறு, ஒப்பீட்டின் கோளாறு அல்ல.

மண்ணடிவாசி

தூரத்து உறவு என்றதும் குருட்டு வளை எலி ஞாபகம் வந்தது. டிபி53 தரும் பி53 புரதத்தில் 174-ஆம் இடத்தில் நமக்கு ஆர்ஜினின், அதற்கு லைசின். மனிதக் கட்டிகளில் காணப்படும் அதே மாற்றம், அந்த விலங்குக்கு இயல்பு! ஆக்சிஜன் குறைந்த மண்ணுக்கடியில் செல்கள் சட்டென்று தற்கொலை செய்துகொள்ளாமல் இருக்க இது உதவுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். இத்தனைக்கும் அதற்குப் புற்றுநோய் வருவதே அரிது. வரிசைத்தேடி, உங்கள் வாலின் எல்லா உயிரிலும் ஒத்துப்போனது. என் அலைன்மெண்டில் ஒரே ஒரு எழுத்து மட்டும் வேறாக நின்றது. மனிதனில் ஆபத்தான மாற்றம் என்று முத்திரை குத்தும் முன், அதே எழுத்தை இயல்பாகச் சுமக்கும் விலங்கு உண்டா என்று நான் இப்போது கட்டாயம் பார்க்கிறேன்.