பழவேற்காட்டில் ஒரு பகல், அப்பா தேடிய லுங்கி

எங்கள் வீடு தடாவில். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரா பக்கம்தான், இங்கே தெலுங்குப் பெரியவர்கள் அதைப் பிரளயகாவேரி என்பார்கள். ஏரி பக்கத்திலேயே இருந்தும் தெற்குக் கரையில் இருக்கிற அந்த ஊருக்கு நான் போனது இந்தத் தை மாதம்தான், அதுவும் அப்பா கேட்டதால்.

அப்பா இளவயதில் பினாங்கில் துணிக்கடையில் இருந்தவர். மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட லுங்கியை ‘கைன் பெலிக்கட்’ என்று கேட்டு வாங்குவார்களாம். அந்தப் பெலிக்கட் நம் பழவேற்காடு, அதாவது புலிகாட் என்பது ஊர் திரும்பிப் பல வருடம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அது பிறந்த ஊரில் ஒன்று வாங்கிக் கட்ட வேண்டும் என்றார்.

காலை லோக்கலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். முதலில் டச்சுக் கல்லறை. கேட் பூட்டியிருந்தது, பக்கத்து வீட்டுப் பையன் ஓடிப் போய்ச் சாவி வாங்கி வந்தான். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே டச்சு எழுத்து பொறித்த பெரிய பெரிய கற்பலகைகள். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று வெறும் மேடும் முள்ளுக்காடும்தான். இங்கே வாங்கிய துணியை ஜாவாவுக்கும் மலுக்குத் தீவுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் டச்சுக்காரர்கள் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள், இதே துறையிலிருந்து நம் ஆட்களையும் அடிமைகளாக பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். அதைச் சொன்னதும் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை.

அப்புறம் கடைவீதி முழுக்க லுங்கி கேட்டோம். எல்லாம் வெளியூர்ச் சரக்கு. ஒரு வீட்டுத் திண்ணையில் பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்த முஸ்லிம் பாட்டியம்மாவிடம் கேட்டதற்கு, “தறியா? எங்க வாப்பா காலத்துலயே போச்சு தம்பி” என்றார். அறுபத்தெட்டு வயது அப்பாவைத் தம்பி என்றதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து அந்த அம்மா சொன்னது இது: நூலிலேயே சாயம் ஏற்றி, அந்த நூலை ஓட்டித்தான் கட்டம் விழ வைப்பார்கள், அதனால் உள்பக்கம் வெளிப்பக்கம் என்றே கிடையாது, ஒரு பக்கம் வெளுத்துத் தெரிந்தால் அது அச்சடித்தது. அவரிடம் ஓலைப் பெட்டி இரண்டு வாங்கினோம். பேரம் பேசவில்லை, நீங்களும் பேசாதீர்கள், ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் குனிந்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

சாயங்காலம் பாலத்தில் நின்று தூரத்தில் பூநாரைக் கூட்டம் பார்த்தோம். படகுக்காரர் கூப்பிட்டார், போகவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் தயவுசெய்து ஏறாதீர்கள், கரையில் நின்றாலே பறவை தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கொடியில் காய்ந்த லுங்கிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பினாங்கிலிருந்து கொண்டுவந்த பழைய ஊதா லுங்கி மட்டும் இரண்டு பக்கமும் ஒரே நிறம். அதை மடித்து ஓலைப் பெட்டியில் வைத்திருக்கிறார்.